பஞ்சு பறக்கிற இடத்தில் காய்ச்சல் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. முதலில் பிசிறு வெட்டினேன், அப்புறம் செக்கிங், இப்போது செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். எங்கள் டேபிளில் 14 பேர். தைத்து வரும் பீஸை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். ஒருத்தர் தோளுக்கும் அடுத்தவர் தோளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. காலை எட்டரைக்கு நின்றால் ஒன்றரை ஷிப்டு முடிய ராத்திரி ஆகிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்திக்குச் சளி பிடித்தால் நான்கு நாளில் டேபிளே இருமும். பஞ்சு வேலை, இருமல் இல்லாமல் இருக்குமா என்று நானும் ரொம்ப வருடம் விட்டுவிட்டேன்.

2021 ஏப்ரல் கடைசியில் எனக்குத் தொண்டை கரகரத்தது. சிப்மெண்ட் போகிற வாரம். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் காபி வாசனை தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் டேபிளில் ஐந்து பேர் படுத்துவிட்டார்கள். அதில் ஒரு அக்காவின் மாமியார் ஆக்சிஜன் வைத்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். உன்னால்தான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டு, படித்து, எங்கள் கம்பெனியிலும் நான் குடியிருக்கும் லைன் வீட்டிலும் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொரோனாவுக்கு மட்டும் அல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிற இன்ஃப்ளூயன்ஸா, சின்னக் குழந்தைகளின் நெஞ்சைப் படுத்துகிற ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் பஞ்சைப் பாருங்கள்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நமக்குக் காற்று கண்ணுக்குத் தெரியும். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது பாருங்கள், பஞ்சுத் தூசு மிதந்துகொண்டே இருக்கும். பெரிய பிசிறு சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பொடித் தூசு விழவே விழாது, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வருவதும் அப்படித்தான். பெரிய எச்சில் துளி மூன்று நான்கு அடிக்குள் தரையில் விழும். பொடித் துளிகள் பஞ்சுத் தூசைவிட எத்தனையோ மடங்கு சின்னவை. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். கிருமி இருப்பவர் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் வந்து நிற்பவரும் அதை இழுத்துக்கொள்வார். பீடிப் புகையாக நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். பக்கத்து ஆள் பீடி குடித்தால் உங்களுக்கு வாசனை வருமா? வரும் என்றால் அவர் விட்ட மூச்சும் உங்கள் மூக்குக்கு வருகிறது.

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒரு ஓட்டலில் அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. ஒருவருக்குத்தான் கொரோனா இருந்தது. அந்த வரிசை முழுவதும் ஏ.சி. காற்று சுற்றிச் சுற்றி வந்தது, ஜன்னல் இல்லை. கடைசியில் மூன்று குடும்பத்திலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய். அதே வருடம் மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் என்ற ஊர்ப்பக்கம் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். 61 பேர், இரண்டரை மணி நேரம். நாங்கள் மிஷின் சத்தத்தை மீறிக் கத்திப் பேசிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறோம். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் கையையும் தரையையும்தான் பார்த்தது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவுவது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் தன் விளக்கத்தைத் தெளிவாக மாற்றிக்கொள்ள 2021 ஆகிவிட்டது.

எங்கள் திருப்பூரில் 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் சந்தைக்குப் போகிற வழியில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நாட்டிலேயே முதலாவது என்று பேப்பரில் எல்லாம் வந்தது. நானும் காய்கறிப் பையோடு கையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நடந்து போனேன். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெளித்தது சோடியம் ஹைப்போகுளோரைட், சலவைப் பட்டறையில் வெளுக்கப் பயன்படுத்துகிற சரக்கு. கொஞ்சம் அதிகமானால் கண்ணும் தொண்டையும் எரியும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிருமி இருப்பது நெஞ்சுக்குள்ளே, தெளிப்பது சேலைமேலே. அந்த மாதமே அரசு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இன்னும் சில இடங்களில் காய்ச்சல் சீசன் வந்தால் முதல் வேலையாக மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் காசில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம்.

வேலை இடத்தில் காற்றுக்கு வழி செய்வது

சீலிங் ஃபேன் ஓடுகிறது, காற்று வருகிறதே என்று நினைப்போம். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கிற காற்றையே கிளறுகிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆபீஸ் ரூமில் இருக்கிற ஸ்ப்ளிட் ஏ.சி.யும் அப்படித்தான், உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி விடும். பழைய காற்று வெளியே போக ஒரு வழி, புதுக் காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

இதைச் சோதிக்க நான் ஊதுபத்தி வைத்துப் பார்ப்பேன். ஆட்கள் வருவதற்கு முன்னால் ஹால் நடுவில் இரண்டு ஊதுபத்தி ஏற்றி வைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அப்புறம் அணைத்துவிட்டு வாசனை போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுங்கள். முதல் தடவை எங்கள் செக்கிங் ஹாலில் முக்கால் மணி நேரம் கழித்தும் வாசனை அப்படியே நின்றது. காரணம் தேடியபோது எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றில் இரண்டு பஞ்சு அடைத்து ஓடாமல் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முன்னால் அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்திருந்தோம். பெட்டியை நகர்த்தி, இறக்கையைத் துடைத்து, எதிர்ப்பக்க ஜன்னல் இரண்டைத் திறந்து வைத்த பிறகு அதே சோதனையில் பதினைந்து நிமிடத்துக்குள் வாசனை போய்விட்டது. செலவு என்று பார்த்தால் எலக்ட்ரீஷியன் கூலி மட்டும்தான். பஞ்சு இருக்கிற இடத்தில் எக்ஸாஸ்ட்டை வாரம் ஒரு தடவை துடைக்காவிட்டால் பழையபடி ஆகிவிடும். எங்களுக்கு அது சனிக்கிழமை வேலை, சம்பளம் போடுவதற்கு முன்னால்.

துணியில் தூசு படும், காற்றில் பீஸ் பறக்கும் என்று ஜன்னலைத் திறக்க மேனேஜர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஜன்னலில் கொசுவலை அடித்து, டேபிளை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டால் அந்தக் குறை தீரும். இதை ஆரோக்கியம் என்று சொல்லிக் கேட்டபோது எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. போன சீசனில் சிப்மெண்ட் வாரத்தில் எத்தனை ஆள் லீவு போட்டார்கள் என்று அட்டெண்டன்ஸ் நோட்டைக் காட்டிக் கேட்டபோது கிடைத்தது. நீங்களும் நோட்டோடு போய்க் கேளுங்கள்.

ஸ்டாண்டு ஃபேன் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு ஒரு ஓரத்திலிருந்து ஃபேன் வைத்தால், முதல் ஆள் இருமினால் கடைசி ஆள் வரைக்கும் அது போகும். குவாங்சோ ஓட்டலில் நடந்தது அதுதான். ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகுப் பக்கமிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி வையுங்கள்.

கம்பெனி வேனும் அப்படித்தான். அரை மணி நேரப் பயணம், இருபது பேர். டிரைவர் பக்கத்து முன் ஜன்னலையும் எதிர்ப்பக்கத்துப் பின் ஜன்னலையும் திறந்தால் காற்று குறுக்காக ஓடும். மழை வந்தாலும் நான்கு விரல் அளவு திறந்திருக்கட்டும்.

டீ நேரம்

எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். நாள் முழுக்க மாஸ்க் போட்டிருந்தாலும் பதினொரு மணி டீக்கு எல்லாரும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டு, முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துப் பேசுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வராது. எங்களுக்கு நாளில் கிடைக்கிற ஒரே நல்ல நேரம் அது. அதனால் டீயை வெளியே கொண்டுபோய்விட்டோம். காம்பவுண்டு ஓரத்தில் வேப்பமரத்தடியில் குடிக்கிறோம். காய்ச்சல் சீசனில் இரண்டு பிரிவாக, பத்து நிமிட இடைவெளியில். மதியச் சாப்பாடும் முடிந்தவரை வெளியே. திறந்த வெளியில் பரவவே பரவாது என்று இல்லை, ஆனால் மூடிய ஹாலோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. தண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டுக் கட்டின ஒரே டம்ளர் இருந்ததை எடுத்துவிட்டோம். அவரவர் பாட்டில்.

மாஸ்க் பற்றி, செக் செய்து அனுப்பியவள் சொல்கிறேன்

2020இல் ஆர்டர் எல்லாம் நின்றபோது திருப்பூரே மாஸ்க் தைத்தது. நானும் ஆயிரக்கணக்கில் செக் செய்து அனுப்பியிருக்கிறேன். அதனால் தெரிந்தே சொல்கிறேன், பனியன் துணி மாஸ்க் பெரிய காப்பு அல்ல. பனியன் துணி இழுபடும் துணி. முகத்தில் இழுத்து மாட்டினதும் கண்ணி விரிந்து ஓட்டை பெரிதாகும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ட்யூப்லைட் தெரியும். எதுவும் இல்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

என்95 மாஸ்க்கில் நடுவே ஒரு அடுக்கு இருக்கிறது. நெய்ததும் இல்லை பின்னியதும் இல்லை, உருக்கி ஊதிச் செய்த இழை. அதில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுகிற மாதிரி, பொடித் துகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 100 துகளில் 95ஐயாவது பிடிக்கும் என்று பெயர். துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். மாஸ்க் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப் போடுகிற நல்ல பழக்கத்தை இதில் மட்டும் விட்டுவிடுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. வாரத்தில் வேலைக்குப் போகிற நாளுக்கு ஒன்றாக மாஸ்க் வாங்கி, தனித்தனிக் காகித உறையில் திங்கள், செவ்வாய் என்று எழுதிப் போட்டு வையுங்கள். ஒரு நாள் போட்டது அடுத்த வாரம் அதே நாள்தான் வெளியே வரும். அதற்குள் அதிலிருக்கும் கிருமி செத்துவிடும். நாடா தளர்ந்தாலோ, மூக்குக் கம்பி உடைந்தாலோ, அழுக்கு ஏறினாலோ தூக்கிப் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்வை ஈரம் காயாது.

போடும் முறைதான் பாதிக் காப்பு. மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்தி வளையுங்கள். பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. கன்னத்தில் காற்றுப் பட்டால் பக்கத்தில் இடைவெளி. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு நாடா மாட்டுகிற மாதிரி இருப்பது நன்றாகப் பிடிக்கும், கொண்டை போட்டிருந்தால் முதலில் கஷ்டமாக இருக்கும், பழகிவிடும். என்95 கிடைக்காதபோது சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு அதன் மேல் துணி மாஸ்க்கை இறுக்கமாகப் போடுங்கள், ஓரம் அடங்கும். முன்னால் பொத்தான் மாதிரி வால்வு வைத்த மாஸ்க்கை மட்டும் வாங்காதீர்கள். போட்டவர் விடும் மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே வரும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எந்த மாஸ்க்கும் வேண்டாம்.

பேசுவதற்காக மாஸ்க்கை இறக்காதீர்கள். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இறக்கித்தான் எல்லாரும் கத்துகிறோம், இறக்கவே கூடாத நேரத்தில். எங்கள் டேபிளில் கை ஜாடை வைத்துக்கொண்டோம். ஓட்டைக்கு ஒரு விரல், கறைக்கு உள்ளங்கை, தையலுக்கு இரண்டு விரல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அது தமிழைவிடச் சுலபமாக இருந்தது.

முதல் நாள் வராமல் இருப்பது, அதற்கான காசு

இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை. கொரோனா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுவார். இன்ஃப்ளூயன்ஸாவில் ஒரு நாள் முன்பே. அறிகுறி தெரிந்த முதல் மூன்று நாள்தான் உச்சம். நாமோ எப்போது லீவு போடுகிறோம்? எழுந்திருக்கவே முடியாத மூன்றாம் நாள். பரப்ப வேண்டியதை எல்லாம் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். தொண்டை கரகரக்கிற, உடம்பு வலி லேசாகத் தொடங்குகிற முதல் காலையிலேயே நின்றுவிட வேண்டும்.

ஏன் நிற்பதில்லை என்று எனக்குத் தெரியும். வாரச் சம்பளம். ஒரு நாள் போனால் அந்த நாள் காசு போச்சு. இதைப் பேசாமல் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று போஸ்டர் ஒட்டுவதால் ஒரு காய்ச்சலும் நிற்காது.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். நம்மிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு. சளிக் காய்ச்சலுக்கும் இது பொருந்தும் என்று எங்கள் டேபிளில் பாதிப் பேருக்குத் தெரியாது, பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும்தான் என்று நினைத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று, சாதாரணமாக முதல் இரண்டு நாளுக்குக் காசு வராது. அந்த இரண்டு நாள்தான் நாம் கண்டிப்பாக வீட்டில் இருக்க வேண்டிய நாள்.

அந்த இடைவெளியை நாங்களே அடைத்தோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் ஆளுக்கு 20 ரூபாய் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுகிறோம். 14 பேர், மாதம் ஆயிரத்துச் சொச்சம் சேரும். காய்ச்சல், சளி என்று முதல் நாளே நின்றுவிட்டவர்களுக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரு தொகை. மூன்றாம் நாள் படுத்தவர்களுக்குக் கிடையாது. இந்த நிபந்தனை கொஞ்சம் கறாராகத் தெரியும். ஆனால் அதுதான் வேலை செய்தது. காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் இந்த டப்பா இன்னும் முக்கியம்.

திரும்பி வருவது எப்போது? மாத்திரை போடாமலே காய்ச்சல் இல்லாமல் ஒரு முழு நாள் போக வேண்டும், மற்ற தொந்தரவும் குறைந்துகொண்டு வர வேண்டும். அதற்கு மேல் ஐந்து நாள் நல்ல மாஸ்க் போட்டு, ஜன்னல் ஓர இடத்தில், எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கமாக நிற்கட்டும். மாத்திரையின் தயவில் சூடு குறைந்திருப்பதை நம்பாதீர்கள். 2021இல் நான் செய்தது அதைத்தான்.

லைன் வீட்டில் ஒருவருக்கு வந்தால்

தனி அறையில், தனிக் கழிப்பறையோடு இருங்கள் என்று சொல்வார்கள். எங்கள் லைனில் எட்டு வீடு. ஒவ்வொன்றும் ஒரே அறை, பத்துக்குப் பத்து, மூலையில் அடுப்புமேடை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. தனி அறைக்கு நாங்கள் எங்கே போவது?

அறை இல்லாதபோது காற்றையும் நேரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். நோயாளியைக் காற்று வெளியே போகிற வாயிலுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள், மற்றவர்கள் காற்று உள்ளே வருகிற பக்கம். எது எந்தப் பக்கம் என்று மறுபடியும் ஊதுபத்தி சொல்லும். ஜன்னல் இருந்தால் டேபிள் ஃபேனை அதில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், கதவு லேசாகத் திறந்திருக்கட்டும். கதவு மட்டும் இருக்கிற வீட்டில் ஃபேனைக் கதவுக்கு ஓரடி உள்ளே தள்ளி வெளியே பார்த்து வைத்து, மேலே இருக்கும் வென்டிலேட்டரைத் திறந்துவிடுங்கள். அதில் பழைய பேப்பர் ஒட்டி அடைத்திருப்பார்கள், கிழித்துவிடுங்கள். சந்து குறுகலாக இருந்து எதிர்வீட்டு வாசல் நான்கடியில் இருந்தால், ஃபேனைச் சந்து திறக்கிற பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துத் திருப்புங்கள். அந்த வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நோயாளியும் வீட்டுக்குள் மாஸ்க் போட வேண்டும். தூங்கும்போது முடியாது, அப்போது மற்றவர்கள் போடட்டும். தலைமாடு ஒருபக்கம் கால்மாடு ஒருபக்கம் என்று மாற்றிப் படுங்கள், முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் நான்கைந்து அடி கூடும். மழை இல்லாத இரவில் மொட்டை மாடியோ வாசல் திண்ணையோ கிடைத்தால் மற்றவர்கள் அங்கே படுக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் நோயாளி முதலில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடட்டும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற பழக்கத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும், முடிந்தால் வீட்டில் திடகாத்திரமான ஆள்.

பாட்டியை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்பார்கள். காய்ச்சல் வெளியே தெரிந்த பிறகு அனுப்பாதீர்கள். பாட்டிக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும், பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் சேர்த்து. வீட்டுக்குள்ளேயே காற்று உள்ளே வருகிற நல்ல இடத்தைப் பாட்டிக்குக் கொடுங்கள்.

கக்கூஸில்தான் எங்களுக்குப் பெரிய சங்கடம். சின்ன அறை, காற்று நிற்கும். காய்ச்சல் உள்ளவர் காலைக் கூட்டம் முடிந்து கடைசியில் போகட்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டும். வந்த பிறகு கதவைத் திறந்தே விட்டு இருபது நிமிடம் கழித்து அடுத்தவர் போகலாம். யார் வீட்டில் காய்ச்சல் என்று எல்லாருக்கும் தெரிந்தால்தான் இது நடக்கும். அங்கேதான் 2020இன் காயம் இன்னும் இருக்கிறது. அப்போது வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சில ஊர்களில் தகரம் வைத்து அடைத்தார்கள், பால்காரர் நின்றுபோனார். இருமலை முந்தானையில் அமுக்கி மறைக்க அப்போதுதான் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். எங்கள் லைனில் இப்போது காய்ச்சல் வந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் கடைக்குப் போவதும் பக்கத்து வீட்டின் வேலை. முதலில் நான் செய்தேன், அப்புறம் எனக்குச் செய்தார்கள். சொன்னால் உதவி வரும் என்று தெரிந்த பிறகு மறைப்பது குறைந்துவிட்டது. முந்தானை என்றதும் நினைவுக்கு வருகிறது, அதில் இருமிவிட்டு அதிலேயே குழந்தை மூக்கைத் துடைக்காதீர்கள். முழங்கை மடிப்பில் இருமுங்கள்.

மற்றவை

கை கழுவுவது வீண் என்று நான் சொல்லவில்லை. சளியும் ஆர்.எஸ்.வி.யும் கையால் நிறையவே பரவும். சோப்பு இந்தக் கிருமிகள் பலவற்றின் மேலே இருக்கும் கொழுப்புத் தோலைக் கரைத்துவிடும், சாதாரணச் சோப்பே போதும், இருபது விநாடி. சாப்பிடும் முன், மூக்குச் சிந்திய பின், குழந்தையைத் தூக்கும் முன்.

கபசுரக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள். அதை வாங்க ஐம்பது பேர் தோளோடு தோள் நிற்காதீர்கள், வீட்டுக்கு வாங்கிவந்து குடியுங்கள். 2021 மே மாதத்தில் பொது இடங்களில் குக்கரில் குழாய் சொருகி வரிசையாக ஆவி பிடித்தார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சரே கேட்டுக்கொண்டார். ஒருவர் மாஸ்க்கைக் கழற்றி ஆழமாக மூச்சு விட்ட இடத்தில் அடுத்தவர் போய் ஆழமாக இழுப்பது அது.

இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டியது, கிருமி மாறிக்கொண்டே இருக்கும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சில் வேலை செய்து நெஞ்சு இழுப்பு வந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், அவர்களை மறந்துவிடுகிறோம்.

மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது பாக்டீரியாவுக்கு, வைரஸை ஒன்றும் செய்யாது. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஒசெல்டாமிவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. டாக்டர் எழுதித் தந்தால், முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது ஓட வேண்டும்

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சி மீட்டர் லைனுக்கு ஒன்று இருந்தால் போதும். நெயில் பாலிஷ் இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் பேசும்போது மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், உதடு நீலமாவது, வயதானவர் குழம்பிப் பேசுவது, ஒரே தூக்கமாகக் கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே இழுக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பாருங்கள். பால் குடிக்காமல் இருப்பதும், பல மணி நேரம் மூத்திரம் போகாமல் இருப்பதும் ஆபத்துதான்.

சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108. லைன் வீடுகளுக்கு ஒழுங்கான கதவு எண் இருக்காது, வண்டி வந்து தெருத்தெருவாகச் சுற்றும். தெருப் பெயர், பக்கத்துக் கோயில், எந்த டிரான்ஸ்பார்மர் தாண்டித் திரும்ப வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி மீட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் வாயில் வராது. தமிழ் தெரியாத பிள்ளைகள் இருக்கிற லைனில் இந்தியிலும் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். போன் செய்ததும் ஓடக்கூடிய ஒரு ஆளைத் தெருமுனைக்கு அனுப்பிவிடுங்கள். ராத்திரியாக இருந்தால் டார்ச்சோடு.